மண் ஒதுங்கிய கால்

மழையைப் பார்த்து ஏன் பெய்தாய் என்று யாரும் கேட்பதில்லை, வேம்பைப் பார்த்து ஏன் கசந்தாய் என்றும் கேட்பதில்லை. ஆவாரங்கோட்டையை ஆண்ட வேங்கையப்ப ராசாவின் காலைக் கண்டு மண் ஒதுங்கியதையும் அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆகையால் நீங்களும் அதை அந்த மட்டில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஊர்த்துணி வெளுக்கும் ஏகாலிச் சடைச்சி என்ன செய்தாள் என்பதற்குக் காதைக் கொடுங்கள்.

அந்தக் கோட்டையில் ராசாவுக்கு வெற்றிலை மடிக்க ஓர் ஆள் இருந்தான், மடித்ததை நீட்ட ஓர் ஆள் இருந்தான், மென்று துப்பியதை ஏந்திக்கொள்ளக் காளாஞ்சிக்காரன் இருந்தான். அவர் கொட்டாவி விட்டால் ஆவி வெளியே போய்விடாமல் வாய்க்கு நேரே சொடக்குப் போட ஒருவன், அவர் நிழலுக்குக் குடை பிடிக்க ஒருவன், அவர் வருகிறார் என்பதை அவர் வந்த பிறகும் கத்திக்கொண்டிருக்கக் கட்டியக்காரன் ஒருவன் என்று, ஒரு மனுஷன் தன் உடம்பால் செய்யவேண்டிய வேலையையெல்லாம் ஓர் ஊரே பங்குபோட்டுச் செய்துகொண்டிருந்தது. நடப்பதை மட்டும் அவரே நடந்தாக வேண்டியிருந்தது. அதிலும் பாதியைக் குறைப்பதற்குத்தான் சடைச்சியும் அவள் புருஷன் மாசாணமும் இருந்தார்கள்.

நடைபாவாடை விரிப்பது அவர்கள் வேலை. ராசா அடி எடுத்து வைப்பதற்கு முன்னால் மாசாணம் சேலையை விரித்துக்கொண்டே ஓடுவான். ராசா மிதித்துக் கடந்த சேலையைச் சடைச்சி பின்னாலிருந்து வாரி, சுருட்டி, பக்கவாட்டில் ஓடி அவன் கையில் கொடுப்பாள். அவன் மறுபடி விரிப்பான். பிறந்தபோதே துணியில் ஏந்தப்பட்டவர், தவழ்ந்ததும் துணியில், தத்தி நடந்ததும் துணியில், அவர் பாதம் ஒரு நாளும் மண்ணைத் தொட்டதில்லை. விரித்த சேலைகளெல்லாம் ஊர்ப் பெண்கள் வெளுக்கப் போட்ட சேலைகள்தான், அதுவும் ஊருக்குத் தெரிந்த வழக்கந்தான். ராசா கால் பட்ட சேலையைக் கட்டுவது பாக்கியம் என்று பிரதானி சொல்லுவார். அந்தப் பாக்கியத்தைத் துவைத்துத் துவைத்துச் சடைச்சிக்குத்தான் முதுகு விட்டுப்போயிற்று.

அன்றைக்குக் காலையில் குயவர் வீட்டுப் பிள்ளை சிலம்பாயி வயசுக்கு வந்துவிட்டாள். ஆவாரங்கோட்டையில், வயசுக்கு வந்த பிள்ளையின் உடம்பில் முதலில் படவேண்டியது ஏகாலி வீட்டிலிருந்து வரும் மாத்துச் சேலைதான். அரண்மனைப் பிள்ளையானாலும் குயவர் வீட்டுப் பிள்ளையானாலும் அது வரும்வரை மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், தலைக்குத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, வாய்க்குக் கஞ்சி கொடுக்கவும் கூடாது. மற்ற மாத்துகள் ஆற்றில் வெளுக்கிற துறைக்குத் திரும்பி வந்துவிடும். முதல் மாத்து மட்டும் அந்தப் பிள்ளைக்கே சொந்தம்.

கோட்டைக்குப் பொதி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சிலம்பாயியின் தாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள். சடைச்சி பொதியை அவிழ்த்தாள். அதிலிருந்ததில் தனக்குச் சொந்தமானது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவளுடைய கல்யாணச் சேலை, அரக்குக் கரை போட்டது. அதை எடுத்துக் கொடுத்தாள்.

“பொதியில ஒண்ணு குறையுதே, புள்ள,” என்றான் மாசாணம்.

“அந்தப் பிள்ள பச்சத் தண்ணி படாம மூலையில உக்காந்திருக்கு. ராசா கால் எங்க ஓடியா போகுது? நீ வெரசா விரி, நான் வெரசா எடுக்கேன்.”

ராசா ஒரு நாளும் வேகமாய் நடந்தவரில்லை, அதனால் அவர்கள் போட்ட கணக்கில் பிசகொன்றுமில்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்துக் கோட்டைவாசலுக்குப் புதுப் பீரங்கி வந்து இறங்கியிருந்தது. திருவிழாவில் ஊதல் கண்ட பிள்ளை மாதிரி ராசா அதைப் பார்க்க எட்டி நடந்தார், கட்டியம் பின்தங்கியது, குடை பின்தங்கியது, சடைச்சி வாரிய சேலை மாசாணத்தின் கைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் வலது கால் வெறும் மண்ணில் இறங்கியது.

இறங்குவதற்கு அங்கே மண் இல்லை. இருந்த மண் விலகிக்கொண்டது. சத்தமில்லை, புழுதியில்லை, தெருவில் வருகிற கடன்காரனைக் கண்டு ஒதுங்குகிற ஆளைப்போல மண் இரண்டு பக்கமும் ஒதுங்கியது, ராசா முழங்கால் மட்டத்துக்கு உள்ளே போனார். தூக்கிவிட்டார்கள். இன்னோர் அடி வைத்தார், அங்கேயும் ஒதுங்கியது. சேலையை இழுத்து அவர் காலடியில் போட்டாள் சடைச்சி. சேலைமேல் வைத்த கால் மட்டும் நின்றது.

“சேலை ஏன் குறைஞ்சது?” என்று பிரதானி கேட்டார்.

“குயவர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் மாத்துக் குடுத்தேன், சாமி.”

ராசாவின் முகம் சிவந்தது. “என் காலுக்கு முன்னால ஒரு குயவச்சியின் தீட்டா?”

சடைச்சி வாய் திறப்பதற்குள் மாசாணம் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தான். “விரிச்சவன் நான், மகராசா. பிந்தினது என் கை. அவ மேல குத்தமில்ல.” அது பொய் என்று அவள் சொல்வதற்குள் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோட்டை மதிலோரம், அகழிக்குப் பக்கத்தில், பழைய தானியக் குழி ஒன்று இருந்தது. தானியம் விளைந்த காலத்தில் தானியமும், விளையாத காலத்தில் மனுஷரும் கிடப்பது அதில்தான். அதற்குள் இறக்கினார்கள்.

மண்ணுடைய காரியத்தை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். ராசா அரண்மனைக்குள் போனால் கல்தளமும் ஒதுங்கியது, கல்லும் மண்ணுக்கு உறவுதானே. புதுப் பட்டை விரித்துப் பார்த்தார்கள், பட்டும் அவரோடு சேர்ந்து உள்ளே போயிற்று. ஆற்றங்கரை உவர்மண்ணைப் போட்டு ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, வெளுத்து உலர்ந்த துணிதான் அவரைத் தாங்கியது, அதுவும் அழுக்குப் படாத வரைக்கும். மண்ணிடம் போய்ச் சிபாரிசு சொல்வதற்கு இன்னொரு மண்தான் வேண்டும்போலிருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் கால் பட்டுப் போன பள்ளங்களில் ஒருநாள் பெய்த கோடைமழை தேங்கித் தவளை குடியேறியது. பள்ளத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த மண் நன்றாய்ப் பதப்பட்டிருந்ததால் சிலம்பாயியின் தகப்பன் அதை அள்ளிக்கொண்டு போய்ப் பானை வனைந்தான். வானம் பார்த்த காட்டுக்காரர்கள் சிலர், மகராசா எங்கள் புஞ்சையில் ஒரே இடத்தில் நாலு குதி குதித்தால் கிணறு வந்துவிடுமே என்று விண்ணப்பம் செய்தார்கள். எங்கள் வயிற்றில் அடிக்கலாமா என்று கிணறு வெட்டுகிறவர்கள் அவர்களோடு சண்டைக்குப் போனார்கள். கட்டியக்காரன்தான் பிழைக்கத் தெரிந்தவன், மறுநாளே கட்டியத்தை மாற்றிவிட்டான்: “மண்ணே எழுந்து வழிவிடும் மகராசர் பராக்!” அதைக் கேட்டு ராசாவுக்குக்கூடச் சற்று ஆறுதலாய் இருந்ததாம்.

ஆறுதல் பெறாதவள் சடைச்சி ஒருத்திதான். அவள் கஞ்சிக் கலயத்தைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்குவாள், காவலாளிகள் வேறு பக்கம் பார்ப்பார்கள். குழியின் அடியில் அகழித்தண்ணீர் கசிந்து சேறாகியிருந்தது. கோடை முடிந்து மழை பிடித்துவிட்டால் குழி நிறைந்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும், உள்ளே இருந்தவனுக்கும் தெரியும்.

நடைபாவாடைக்குத் துணி கொண்டு வரச்சொல்லிக் கோட்டையிலிருந்து ஆள் வந்தது.

“மாசாணம் வெளிய வரட்டும். துணி தன்னால வரும்,” என்றாள்.

“ராசா விதிச்சதை ராசாவே மாத்தினா அப்புறம் அவர் என்ன ராசா?”

“கட்டின புருஷனைக் குழியில போட்டவருக்குத் துணி விரிச்சா அப்புறம் நான் என்ன பொஞ்சாதி?”

வந்தவர்கள் கொடியில் காய்ந்த ஊர்ச் சேலைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அவை வெளுத்த துணிகள், ஆகவே ராசாவைத் தாங்கின, அவர் மிதிக்க மிதிக்க அழுக்கேறின, அழுக்கேறிய பிறகு ஒவ்வொன்றாய்க் கைவிட்டன. அதற்குள் சடைச்சி அடுப்பை அணைத்து, வெள்ளாவிப் பானையை ஆற்றுமணலில் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். பக்கத்து ஊர் ஏகாலிகளைக் கூட்டிவரக் குதிரை போயிற்று. துறைக்காரி கையால் வெற்றிலை வாங்காமல் இன்னொருவர் துறையில் கால் வைப்பதில்லை என்பது அவர்களுக்குள் உள்ள கட்டு. சடைச்சி வெற்றிலை கொடுக்கவில்லை, அவர்கள் கழுதைகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதலில் ஊருக்கு அவள்மேல்தான் கோபம். பெரிய காராளர் வீட்டு அம்மாள் துறைக்கே வந்து சத்தம் போட்டாள். “கோட்டைக்கும் உனக்கும் ஆயிரம் இருக்கும். என் சேலை என்னடி பாவம் பண்ணுச்சு?”

“மிதிபடுதே தாயி, அது போதாதா? நீங்க கட்டியிருக்கிற இந்தச் சேலைய, உங்க மாமியா இருந்து இன்னைக்கு வரைக்கும், மிதிச்ச கால் எதுன்னு உங்களுக்கே தெரியும். நான் துவைச்சதுனால அது தெரியாமப் போச்சு. இனித் தெரியட்டும்னுதான் விட்டுட்டேன்.”

அந்த அம்மாள் தன் சேலையைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள், முந்தானையில் ராசாவின் கால்தடம் பதிந்து கோட்டையிலிருந்து திரும்பி வந்த சேலையை அப்படியே கட்டிக்கொண்டு, தடம் எல்லோர் கண்ணிலும் படும்படி தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் தலைநிமிர்ந்து நடந்தாள். அதன்பிறகு ஊரில் அழுக்கு ஒரு வீறாப்பாகிவிட்டது. உழுகிறவன் சேறோடு வந்தான், செக்காட்டுகிறவன் எண்ணெய் வடிய வந்தான், கொல்லன் கரியோடு வந்தான். கல்யாண மாப்பிள்ளை பழுப்பேறிய வேட்டியில் மணவறையில் உட்கார்ந்தான், பெண்ணும் அவனுக்குச் சளைக்கவில்லை, மல்லிகை விற்றவர்களுக்கு அந்த மாதத்தில் கொள்ளை வியாபாரம். நாற்றம் தாங்காமல் வழிப்போக்கர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யார் வீட்டிலாவது தெரியாத்தனமாய் வெளுத்த துண்டொன்று தென்பட்டால், “என்ன, கோட்டைக்குப் போறியா?” என்று கேட்டுச் சிரித்தார்கள், அந்த ஆள் துண்டைப் புழுதியில் புரட்டி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

சடைச்சி குழிவாயில் குனிந்து இதையெல்லாம் சொல்லுவாள். ஒரு நாள் உள்ளேயிருந்து இருமலோடு குரல் வந்தது.

“நீ எப்படி இருக்க?”

“அழுக்கா இருக்கேன்.”

“நல்லது,” என்றான் மாசாணம்.

அப்படியிருக்கும்போது அம்மன் கொடைத் திருவிழா வந்தது. கொடைநாளில் ஆவாரங்கோட்டையின் ராசா தன் காலால் நடந்து, கோட்டைவாசலிலிருந்து பொட்டலைக் கடந்து அம்மன் கோயிலுக்குப் போய், முதல் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் வராவிட்டால் அடுத்த பங்காளிக்குப் பரிவட்டம், பரிவட்டம் யாருக்கோ பாளையம் அவருக்கு. அன்று வாசலுக்கும் கோயிலுக்கும் நடுவே பல்லக்கும் கூடாது, யானையும் கூடாது, ஆள் ஆளைச் சுமப்பதும் கூடாது. அந்தப் பங்காளி, ராசாவின் சித்தப்பன் மகன், கொடைக்கு நாலு நாள் இருக்கையிலேயே வந்து கோயிலடியில் கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் அண்ணனின் கால் சுகத்தை அக்கறையாய் விசாரித்தான்.

பிரதானியே துறைக்கு வந்தார், தாம்பாளத்தில் வெற்றிலையோடு.

“விரிக்கேன் சாமி,” என்றாள் சடைச்சி.

இவ்வளவு சுலபமாய் முடியும் என்று அவர் நினைக்கவில்லை. “மாசாணத்தைப் பத்தி…”

“நான் ஒண்ணும் கேக்கலையே.”

அவள் வெள்ளாவிப் பானையை நிமிர்த்தி, தன்னுடைய பழைய சேலைகள் இரண்டை மட்டும் அவித்து வெளுத்தாள். இரண்டு போதுமா என்று பிரதானி கேட்டதற்கு, “ஒண்ணு காலுக்குக் கீழ, ஒண்ணு காலுக்கு முன்னால. ராசாவுக்கும் கால் ரெண்டுதானே சாமி,” என்றாள்.

கொடையன்று உச்சிவெயிலில் ஊரே பொட்டலின் இரண்டு பக்கமும் நின்றது, அத்தனை பேரும் அழுக்கு. மேற்கே மழைமேகம் கருக்கட்டியிருந்ததைச் சடைச்சி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கோட்டைவாசலில் முதல் சேலையை விரித்தாள், ராசா அதில் ஏறினார். இரண்டாவதை விரித்தாள், ஏறினார். முதலாவதை வாரி முன்னால் விரித்தாள். விரிக்கவும் வாரவும் அவள் ஒருத்தியே ஆகையால் நடை மெதுவாய்த்தான் போயிற்று, கட்டியக்காரனுக்குத் தொண்டை வறண்டது, குடைக்காரனுக்குக் கை வலித்தது. வாசலும் எட்டாத, கோயிலும் எட்டாத நடுப்பொட்டலுக்கு வந்ததும், வாரிய சேலையை விரிக்காமல் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ராசா நின்றிருந்த சேலையின் முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“விரி,” என்றார் ராசா.

“மாசாணம் வரட்டும்.”

தளவாய் வாளை உருவினான். சடைச்சி முனையைக் கொஞ்சம் இழுத்தாள். சேலையில் ஒரு மடிப்பு ஓடிவந்து ராசாவின் கட்டைவிரலில் முட்டியது, அவர் கை இரண்டையும் விரித்துத் தடுமாறி நின்றார். “வாளை உள்ள போடுடா!” என்று அவரே கத்தினார்.

ஒரு சேவகன் விசுவாசம் மிகுந்து தன் தலைப்பாகையை அவிழ்த்து முன்னால் விரித்தான். ராசா கால்விரலால் தொட்டுப் பார்த்தார். தலைப்பாகை அப்படியே மண்ணுக்குள் போயிற்று, சேவகன் வழுக்கைத் தலையோடு வரிசைக்குத் திரும்பினான்.

“பல்லக்கைக் கொண்டு வாங்கடா!”

பல்லக்குக் கூட்டத்துத் தலைவன் கொம்பையா வாசலில் குந்தியிருந்தவன் எழுந்தான், ஆனால் நகரவில்லை. பல்லக்குத் தண்டு அழுத்தி அவன் தோளில் தேங்காய் அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னான்: “கொடைநாள்ல பல்லக்கு இந்த வாசலைத் தாண்டக் கூடாதுன்னு உங்க பாட்டனார்தான் கல்லுல வெட்டி வச்சிருக்கார், மகராசா. நாங்க மீறலாமா?” அவ்வளவு பணிவாய் அவன் ஒரு நாளும் பேசியதில்லை.

கோயில் பக்கத்திலிருந்து பங்காளி, “அண்ணே, பொழுது போகுதே!” என்று கனிவாய்க் குரல் கொடுத்தான்.

ராசா மேகத்தைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், “அவனை எடுத்துவிடுங்க,” என்றார்.

மாசாணத்தைக் கொண்டு வந்தார்கள். இடுப்பில் ஒரு கந்தல், உடம்பெல்லாம் சேறு, வெயில் பட்டதும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றான், உச்சிவெயிலிலும் அவனுக்கு உடம்பு நடுங்கிற்று. அவனைப் பார்த்ததும் சடைச்சிக்கு உலகமே கைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது, கூடவே இத்தனை நாள் அடக்கி வைத்த ஆத்திரமும் பொங்கிவந்தது, இரண்டில் எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே கண்ணீர் ஓடியது. முனையைக் கையிலிருந்து விடவில்லை.

“சொன்னபடி செஞ்சாச்சு,” என்றார் ராசா. “இப்ப விரி.”

சடைச்சி தோளில் கிடந்த சேலையை எடுத்து உதறினாள். வெளுத்த வெளுப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது. அதைப் பக்கத்தில் நின்ற மாசாணத்தின் முதுகில் போட்டு, கழுத்தைச் சுற்றி, நெஞ்சை மூடி, குளிருக்குப் போர்த்துவதுபோலப் போர்த்திவிட்டாள். குழிச்சேறு அப்போதே அதில் ஊறிவிட்டது.



“என்னடி இது? சேலை குறையுதே!”

“ஆமா, மகராசா. ஒண்ணு குறையுது. அன்னைக்கும் இப்படித்தான் குறைஞ்சது. அன்னைக்கு ஒரு பிள்ள மூலையில உக்காந்திருந்துச்சு, இன்னைக்கு ஒருத்தன் குளிருல நடுங்குதான். வேணுங்கிறவுகளுக்கு முதல்ல, பிறகுதான் காலுக்கு. எங்க துறையில அதுதான் வழக்கம்.”

“நான் எப்படிப் போறது?”

“ஊர்ல வெளுத்த சேலை இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு. அரக்குக் கரை போட்டது. சிலம்பாயி ஒரே தரம் கட்டி, அழுக்குப் படாமப் பானைக்குள்ள மடிச்சு வச்சிருக்கா. அது அவளுக்குச் சொந்தம், நான் கேக்க முடியாது. நீங்கதான் கேக்கணும்.”

கூட்டம் விலகியது. சிலம்பாயி முன்னால் வந்து நின்றாள், வனைந்த மண் காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்த கைகளோடு. அவள் தாய் பின்னாலிருந்து அவளை இழுக்கப் பார்த்துவிட்டு, பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டாள். குயவச்சியின் தீட்டு என்று அன்று சொன்ன வாய் இப்போது என்ன சொல்லப் போகிறது என்று கேட்க, காளாஞ்சிக்காரன்கூடக் காளாஞ்சியைக் கீழே வைத்துவிட்டான்.

“உன் சேலையைக் குடு,” என்றார் ராசா.

சிலம்பாயி கையில் காய்ந்த மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

“குடும்மா,” என்றார் ராசா.

“தாரேன்,” என்றாள் அவள். “ஆனா துவைச்சுத் திருப்பித் தரணும்.”

“சடைச்சி துவைச்சுத் தருவா.”

“சடைச்சி அத்தையா மிதிக்கப் போறாக? மிதிச்சவுகதான் துவைக்கணும்.”

தளவாய் மூச்சை உள்ளே இழுத்தான். பிரதானி கண்ணை மூடிக்கொண்டார். ராசாவின் வாய் அசைந்தது. பங்காளி கோயில் படியில் ஒரு படி மேலே ஏறி நின்றதை அவர் கண் பார்த்தது.

“சரி,” என்றார்.

“காதுல விழல,” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பெரிய காராளர் வீட்டு அம்மாளின் குரல் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“சரி!” என்று ராசா உரக்கச் சொன்னார். அம்மன் கொடைநாளில், அம்மன் எல்லைக்குள் நின்று சொன்ன சொல், இனி அதை ராசாவும் திரும்ப வாங்க முடியாது.

அரக்குக் கரைச் சேலை வந்தது, சடைச்சி விரித்தாள், மாசாணம் வந்து மற்ற முனையைப் பிடித்துக்கொண்டான், ராசா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து பரிவட்டம் கட்டிக்கொண்டார். அவர் தலையில் பரிவட்டம் ஏறவும் மழை இறங்கவும் சரியாய் இருந்தது. ஆள் இல்லாத குழி அன்று சாயங்காலத்துக்குள் நிறைந்து, தவளைகளுக்கு இன்னொரு வீடாயிற்று.

மழை விட்ட மறுநாள் காலையில் ராசா பல்லக்கில் துறைக்கு வந்தார். குடைக்காரன், கவரி வீசுகிறவன், காளாஞ்சிக்காரன், சொடக்குப் போடுகிறவன் எல்லோரும் கூடவே வந்தார்கள், எந்தக் கட்டியத்தைச் சொல்வது என்று தெரியாமல் கட்டியக்காரன் வாயை மூடிக்கொண்டு வந்தான். ஊர் கரைமேல் உட்கார்ந்திருந்தது. ராசா தன் கையாலேயே அரக்குக் கரைச் சேலையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் கால் வைத்தார். ஆற்றுமணல் ஒதுங்கியது, முழங்கால் முங்கியது, இடுப்பு முங்கியது, தண்ணீர் நெஞ்சுமட்டத்துக்கு வந்தது, அங்கேதான் அவர் கைக்குத் துவைகல் எட்டியது. மணல் அதற்குமேல் ஒதுங்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் சேலையைக் கல்லில் அடித்தார். அடித்த தண்ணீர் முகத்திலேயே தெறித்தது. சடைச்சி உவர்மண்ணை ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள், தேய்த்தார், நனைத்தார், மறுபடி அடித்தார், அவருக்குப் பதிலாய் மூச்சு வாங்குவதற்கு மட்டும் கோட்டையில் ஆள் இல்லாததால் தாமே வாங்கினார். கடைசியில் சேலையைப் பிழிந்து, தலைநிமிர்ந்து, பரிவட்டம் வாங்கியபோதுகூட இல்லாத ஒரு மிதப்போடு நீட்டினார்.

சடைச்சி அதை விரித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மாசாணம் ஒரு பக்கம் பார்த்தான், சிலம்பாயி ஒரு பக்கம் பார்த்தாள். நட்டநடுவில், குதிகாலும் விரல்களுமாய், கால்தடம் இன்னும் மங்கலாய்த் தெரிந்தது.

“போகல, மகராசா,” என்று சேலையைத் திருப்பிக் கொடுத்தாள் சடைச்சி. “இன்னொரு தரம் போடுங்க.”